3 பணம், 6 பணம், 12 பணம்: உடற்குறை வசைச்சொற்கள் குறித்துப் புனே கேம்ப்பிலிருந்து ஒரு வரலாற்று ஆய்வு

புனே கேம்ப்பின் மகாத்மா காந்தி சாலையில் சாயங்கால நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர்கள் "ஆந்தளா ஆஹேஸ் கா?" என்ற கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள். 'குருடனா நீ?' என்று மராத்தியில் கேட்பது அது. கேட்கப்படுபவருக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும். கூப்பிட்டதும் திரும்பாதவனுக்கு "பஹிரா ஜாலாஸ் கா?" (செவிடாகிவிட்டாயா?), சில்லறையைத் தப்பாகக் கொடுத்த கடைப்பையனுக்கு "யேடா" (கிறுக்கன்). கேம்ப், கோர்ப்படி, கட்கி பக்கங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேச்சில் இவையெல்லாம் 'செவிடா', 'லூசு', 'மெண்டல்' ஆகியவற்றோடு கலந்து புழங்குகின்றன. வீட்டு வாசலில் பிள்ளைகள் ஆடும் நொண்டி ஆட்டம் பள்ளி மைதானத்தில் விதிமுறைகளோடு கூடிய 'லங்க்டி' ஆகிவிடுகிறது. அதில் யாரும் யாரையும் இழிவுபடுத்துவதில்லை. அதே 'லங்க்டா' என்ற சொல் காலைச் சாய்த்து நடக்கும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் விழும்போது அடியாக விழுகிறது.

இந்தச் சொற்கள் தம்மளவிலேயே இழிசொற்களா, அல்லது சொல்லும் இடத்தையும் ஆளையும் பொறுத்தவையா என்ற வழக்கு இன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இடத்தைப் பொறுத்தது என்ற விடை வரலாற்று நோக்கில் சரியானதே. ஆனால் எந்த இடம், யாருடைய இடம் என்ற கேள்வியை அந்த விடை பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. ஒரு சொல் அந்தக் குறை உள்ளவரைச் சுட்டும் பெயராக இருந்த நிலையிலிருந்து, அந்தக் குறை இல்லாதவர் மீது எறியும் கல்லாக மாறியதே தமிழிலும் மராத்தியிலும் நிகழ்ந்த முக்கியமான திருப்பம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

கேம்ப்பை மையமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1817இல் ஆங்கிலேயப் படைக்காக அமைந்த இந்தப் பாளையத்தை மராத்தியர் இன்றும் 'லஷ்கர்' என்கிறார்கள். உறுப்பிழந்த படைவீரர்களுக்காக 1944இல் தொடங்கிய செயற்கை உறுப்பு மையம் வான்வடிப் பக்கம் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு 1917இல் பம்பாயில் தொடங்கிய குவீன் மேரி தொழிற்பயிற்சி நிலையம் பின்னர் கட்கிக்கு வந்தது. முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களின் மறுவாழ்வு மையமும் அங்கேதான். மகாராஷ்டிர அரசின் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் சர்ச் சாலையில் இருக்கிறது. ராணுவ மரியாதை, அரசாங்கக் கோப்பு, தெருவசை என்ற மூன்று மொழிகளிலும் உடற்குறை பேசப்படும் வட்டாரம் இது. ஒரே மாதிரி கால் இழந்த இருவரில் சீருடை போட்டிருந்தவர் 'சாஹேப்'. சிக்னலில் கை நீட்டுபவர் 'லங்க்டா'. சொல்லைத் தீர்மானிப்பது கால் இல்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைக்காது.

சாத்திரம் போட்ட அபராதம்

இந்த வழக்கு நவீனக் காலத்து நாசூக்கிலிருந்து பிறந்தது என்று நினைப்பவர்கள் கௌடில்யரின் அர்த்தசாத்திரத்தில் மூன்றாம் அதிகரணம், பதினெட்டாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பு வாக்பாருஷ்யம், அதாவது சொல்லால் செய்யும் வன்முறை. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொடுத்த ஓலைச்சுவடியில் 1905இல் ஆர். சாமசாஸ்திரி கண்டெடுத்து, 1909இல் அச்சேற்றிய நூல் இது. வாக்பாருஷ்யம் பற்றிய தருமசாத்திர விவாதங்களைத் தொகுத்த பி.வி. காணேயின் பெருநூலின் மூன்றாம் தொகுதி, புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்திலிருந்து 1946இல் வெளிவந்தது.

கௌடில்யர் மூன்று படி வைக்கிறார். குருடரைக் குருடர் என்றும் முடவரை முடவர் என்றும் உள்ளபடியே சொல்லி வைதால் 3 பணம் அபராதம். இல்லாத குறையை ஏற்றி வைதால் 6 பணம். கண் இல்லாதவரைப் பார்த்து 'அழகிய கண்ணழகா' என்று நிந்தாஸ்துதியாக, அதாவது புகழ்வதுபோல் இகழ்ந்து, சொன்னால் 12 பணம். குஷ்டம், பித்து, ஆண்மையின்மை ஆகியவற்றைச் சொல்லி ஏசுவதும் இந்த மேல்படியில் சேரும். இதற்குப் பிறகு வருகிறது சந்தர்ப்பம் பற்றிய கணக்கு. தன்னைவிட உயர்ந்தவரை வைதால் இரட்டிப்பு, தாழ்ந்தவரை வைதால் பாதி. கவனக்குறைவாலோ குடிபோதையாலோ சொல்லியிருந்தால் பாதி. குஷ்டமும் பித்தும் உண்மையா என்று தீர்மானிக்க வைத்தியரும் அக்கம்பக்கத்தாரும் சாட்சி.

'உண்மையைத்தானே சொன்னேன்' என்ற வாதம் இங்கே எடுபடவில்லை. மனுஸ்மிருதியும் அதையே சொல்கிறது: ஒற்றைக்கண், நொண்டி என்று மெய்யாகவே சொன்னாலும் குறைந்தது ஒரு கார்ஷாபணம் கட்ட வேண்டும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த நுட்பத்தைப் பார்த்துப் பூரித்துப் போகலாம். ஆனால் அதே மனுஸ்மிருதி ஒன்பதாம் அத்தியாயத்தில் பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பித்தர் ஆகியோருக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை என்கிறது. சோறும் துணியும் கொடுத்தால் போதுமாம். திட்டாதே, சொத்தும் கொடுக்காதே என்ற இந்த ஏற்பாட்டை 1928ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு நீக்கியது. பிறவியிலேயே புத்தி பேதலித்தவர்கள் மட்டும் அப்போதும் வெளியே நின்றார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வந்த பிறகே கதவு முழுக்கத் திறந்தது.

கௌடில்யரின் இரண்டாம் படி கவனத்துக்குரியது. கண்ணுள்ளவனைக் குருடன் என்றால் அபராதம் இரட்டிப்பு. அங்கே பாதிக்கப்பட்டவர் யார்? கண்ணுள்ளவர்தான். குருடரோடு சேர்த்துப் பேசப்பட்டதே அவருக்கு நேர்ந்த மானக்கேடு. உண்மையிலேயே கண் இல்லாதவர் அந்த வழக்கில் வாதியும் இல்லை, சாட்சியும் இல்லை, அளவுகோல் மட்டுமே. காந்தி சாலையில் விழும் வசை இந்த இரண்டாம் படியைச் சேர்ந்தது.

பெயரோடு நின்ற காலம்

தமிழின் பழைய சான்றுகள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியவர். ஐயூர் முடவனார் புறநானூற்றில் உண்டு. பொருநராற்றுப்படை பாடியவர் முடத்தாமக்கண்ணியார் ('முட' என்பது அவர் உடலைக் குறித்ததா, மாலையின் வளைவைக் குறித்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அதனால் இவரை அழுத்திச் சான்றாக்க வேண்டாம்). அந்தப் பாட்டின் தலைவன் கரிகாலன், கால் கருகியதால் பெயர் பெற்றவன் என்பது மரபு. உடல் அடையாளம் பெயரோடு ஒட்டுகிறது. கூடவே 'ஆர்' என்ற மரியாதை விகுதியும் ஒட்டுகிறது. மராத்தியிலும் லங்க்டே, தோட்டே போன்ற குடும்பப் பெயர்கள் இன்றும் உண்டு. 'போப்டா' என்றால் மழலையாய்க் குழறிப் பேசுபவர் என்று பொருள்; 2019 முதல் 2021 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர் சரத் போப்டே. பருவத்தில் கேம்ப்பின் பழக்கடைகளுக்கு வரும் 'லங்க்டா' மாம்பழத்துக்கும், காசியில் கால் ஊனமான ஒருவர் வளர்த்த மரத்திலிருந்து வந்தது என்று கதை சொல்வார்கள்.

இதனால் சங்ககாலம் பொற்காலம் என்று முடிவுகட்டிவிட முடியாது. புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு உள்ளிட்ட எட்டு வகைக் குறைகளை அடுக்கி, இவை பேதைமைப் பிறப்புகள், பயனற்றவை என்ற கருத்தை முன்னோர் கூற்றாகச் சொல்லிவிட்டு சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுகிறார். தனி ஆள் என்றால் 'ஆர்' போட்டு மரியாதை. வகையாக எண்ணும்போது பயனற்ற பிறப்பு. ஒரே சமூகத்தில், ஒரே தொகை நூலுக்குள் இரண்டும் உண்டு.

இவற்றுக்கு நடுவில் தனித்து நிற்பது கலித்தொகையின் 94ஆம் பாட்டு. மருதன் இளநாகனார் பாடியதாகச் சொல்லப்படும் மருதக்கலியில், அரண்மனைக் குற்றேவல் செய்யும் கூனி ஒருத்தியும் குறளன் ஒருவனும் பேசிக்கொள்கிறார்கள். அவன் அவளுடைய வளைவைச் சொல்லிச் சீண்டுகிறான். அவள் அவனை ஆண்டலைப் பறவையின் குஞ்சோடு சேர்த்துப் பேசித் திருப்பிக் கொடுக்கிறாள். ஏச்சும் பேச்சும் வளர்ந்து, இருவரும் ஒருவரையொருவர் நையாண்டி செய்துகொண்டே இணங்கி, யாரும் பார்த்துச் சிரிக்காத இடமாகத் தேடிச் சோலைக்குப் போகிறார்கள்.

குறை உள்ளவர்களே தங்களுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ளலாம், அதில் உரிமையும் நெருக்கமும் இருக்கிறது என்று இன்று சொல்லப்படும் வாதத்துக்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சான்று இல்லை. இந்தப் பாட்டை அப்படி மட்டும் படித்து நகர என்னால் முடியவில்லை. அந்த இருவரின் நெருக்கத்தை எழுதியவர் மூன்றாமவர். கேட்டு ரசித்த அவையும் மூன்றாமவர்கள். பிறர் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற அச்சம் பாத்திரங்களுக்கே இருக்கிறது. அப்படியிருந்தும் அவர்கள் பேச்சு முழுவதும் பிறர் சிரிக்கவே அரங்கேறியது. இருவருக்குள் விளையாட்டாக இருந்த சொல், காட்சியாகும்போது எப்படி மாறுகிறது என்பதையும் அந்தப் பாட்டே வைத்திருக்கிறது.

பாவம் ஏறிய கால்

பக்தி இலக்கியம் உடற்குறையை அறத்தோடு முடிச்சுப் போட்டது. பாண்டியன் சமணனாக இருந்தவரை கூன் பாண்டியன்; சம்பந்தர் அருளால் கூன் நிமிர்ந்ததும் நின்றசீர் நெடுமாறன். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் கதை இன்னும் கூர்மையானது. பிறவியிலேயே பார்வையற்ற அவர் திருவாரூர்க் கோயில் குளத்தைக் கயிறு கட்டித் தடவித் தடவித் தோண்டுகிறார். மண்ணைத் தோண்டினால் உயிர்கள் சாகும் என்று சமணர்கள் தடுக்கிறார்கள். கண் போனதோடு காதும் போயிற்றோ என்று ஏளனம் செய்கிறார்கள். இன்று கடைத்தெருவில் கேட்கும் வசையின் அச்சு அது. இறுதியில் அரசன் முன்னிலையில் அடிகள் பார்வை பெறுகிறார். ஏளனம் செய்தவர்கள் பார்வை இழக்கிறார்கள்.

கேலி செய்தவன் தண்டிக்கப்படுவதால் இந்தக் கதை பார்வையற்றவர் பக்கம் நிற்பதாகத் தோன்றும். ஆனால் கேலிக்குத் தண்டனை என்ன? குருடாவதுதான். ஏளனத்தைக் கண்டிக்கும் கதையே ஏளனத்தின் அடிப்படையை ஒப்புக்கொள்கிறது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளின் நொண்டி நாடகங்கள் இந்த முடிச்சை மேடைக்குக் கொண்டுவந்தன. கதைச் சட்டகம் பெரும்பாலும் ஒன்றே: திருடன் ஒருவன் தாசி வீட்டில் பொருளைத் தொலைத்து, அவள் ஆசைக்காகக் குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு, கால் வெட்டுண்டு, நொண்டியாகத் தன் கதையைத் தானே பாடி, கடைசியில் தெய்வ அருளால் கால் பெறுகிறான். திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருள். சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளல் சீதக்காதியின் உதவியோடு மெக்கா போய் வருகிறான். மதம் மாறினாலும் சட்டகம் மாறவில்லை. நொண்டுதல் குற்றத்தின் ரசீது. கால் முளைப்பது மன்னிப்பின் ரசீது.

இந்த நாடகங்களில் நொண்டிதான் கதாநாயகன், அவன் பேச்சில் உயிரும் எள்ளலும் உண்டு, கூட்டம் அவனோடு சேர்ந்துதான் சிரித்தது. அந்த நாடகங்கள் வழியே பரவிய நொண்டிச் சிந்து மெட்டு பாரதியின் பாஞ்சாலி சபதம் வரை வந்தது. அந்த மெட்டைப் பாடுகிறவர் யாரையும் ஏசுவதாக ஒருவரும் நினைப்பதில்லை. சொல் ஒன்று கலைச்சொல்லாகி ஆறிப்போவதும் உண்டு என்பதற்கு அது சாட்சி. ஆறாமல் நின்றது பாவக் கணக்குதான். 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர், குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற பொருள்பட மாணவிகளிடம் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான தமிழாசிரியர் அங்கேயே எழுந்து எதிர்த்தார். செப்டம்பரில் பேச்சாளர் கைதானார். அவர் வசைச்சொல் சொல்லித் திட்டியதாகக் குற்றச்சாட்டு எழவில்லை; குற்றமாக நின்றது கருத்துதான். வசைச்சொற்களின் பட்டியல் போட்டு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு அந்தப் பள்ளி நிகழ்ச்சி ஓர் இடைஞ்சல்.

பதிவேடும் ஊர்ப்பெயரும்

ஆங்கிலேய ஆட்சி இச்சொற்களைப் பத்திகளாக்கியது. 1881 முதல் 1931 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் மனநிலை பிறழ்ந்தோர், காது கேளாத வாய் பேசாதோர், பார்வையற்றோர், தொழுநோயாளர் என்று நான்கு வகையினரை எண்ணின. 1858இல் பித்தர்களைப் பற்றிய சட்டங்களும் 1898இல் தொழுநோயாளர் சட்டமும் வந்தன. பிந்தையது மத்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 2016இல்தான். அலுவலகப் பயன்பாட்டுக்கு வந்த சொல் காவல் நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கி, அங்கிருந்து தெருவுக்கு வர அதிக காலம் பிடிக்கவில்லை. 'மெண்டல்' என்பது ஆஸ்பத்திரிப் பலகையிலிருந்து இறங்கி வந்த சொல். 'கேஸ்' என்பதும் அப்படித்தான்.

இந்தக் காலகட்டத்தின் தனித்த விளைவு ஊர்ப்பெயர் வசை. 1794இல் சென்னையில் தொடங்கிய மனநல விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' பிறந்தது. புனேயில் அந்த இடம் எரவாடா. கேம்ப்பிலிருந்து பண்ட் கார்டன் வழியாக ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் காந்தி அடைபட்ட சிறையும் இருக்கிறது, மனநல மருத்துவமனையும் இருக்கிறது. "ஹ்யாலா எரவட்யாலா பாட்டவா" (இவனை எரவாடாவுக்கு அனுப்புங்கள்) என்றால் எந்தக் கட்டடம் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. வட இந்தியருக்கு ஆக்ரா, ராஞ்சி. கௌடில்யரின் பட்டியலில் இப்படி ஒரு வகை இல்லை. பெரிய மதில் வைத்த நிறுவனம் இருந்தால்தான் இது முளைக்கும். சொல்லில் குறை எதுவும் இல்லை, வெறும் ஊர்ப்பெயர். அதைத் தடைசெய்ய எந்தச் சட்டத்தாலும் முடியாது. தமிழ்க் காதுக்கு எரவாடா என்றதும் ஏர்வாடியும் சேர்ந்து கேட்கும். 2001 ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பிறகும் அந்த ஊரின் பெயர் கேலியாகவே புழங்கியது.

'லூசு' இதில் சற்று விலகி நிற்கும் சொல். ஆங்கிலத்திலிருந்து வந்து, தமிழில் கிறுக்கு என்ற பொருள் பெற்றது. தாய் மகனைச் செல்லமாக 'லூசுப் பையா' என்பாள், காதலி காதலனை, அக்கா தம்பியை. கேம்ப்பின் பிள்ளைகள் 'யேடா'வையும் அதே செல்லத்தோடு சொல்கிறார்கள். சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்ற வாதத்தின் மிக வலுவான சான்று இதுவே. அந்தச் செல்லத்தை நான் மறுக்க மாட்டேன். மனநல மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் அந்தச் செல்லம் தானாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. சொல்பவர் தாமாகவே அப்படித் தாழ்த்துவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

பலகை மாற்றங்கள்

தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் என்ற அரசுச் சொல்லுக்குப் பதிலாக முதல்வர் கருணாநிதி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைக் கொண்டுவந்தார். 2010இல் துறையின் பெயரும் மாறியது. மத்தியில் 2015 டிசம்பர் 27 அன்று பிரதமர் மோடி வானொலி உரையில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தார். விகலாங் என்பதற்கு மாற்றாகத் தெய்வீக உறுப்பு என்ற பொருளில் வந்தது அது. மறு ஆண்டே மத்தியத் துறையின் பெயரில் ஏறியது. மகாராஷ்டிரத்தில் 'அபங்க்' என்றிருந்த அரசுச் சொல் திவ்யாங் ஆனது; 2022 டிசம்பரில் தனி திவ்யாங் நலத் துறையே வந்தது.

மாற்றுத்திறனாளி என்ற சொல் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பில்லாமல் ஊன்றிவிட்டது. திவ்யாங் அப்படி இல்லை. பல மாற்றுத்திறனாளர் அமைப்புகள் தொடக்கத்திலேயே எதிர்த்தன. ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளர் உரிமைக் குழுவும் 2019இல் அந்தச் சொல்லைச் சர்ச்சைக்குரியது என்று குறித்தது. சாய்தளம் இல்லாத அலுவலகத்தின் படியடியில் சக்கர நாற்காலியில் காத்திருப்பவரைத் தெய்வீக உறுப்புடையவர் என்று அழைப்பது, கண் இல்லாதவரைக் கண்ணழகா என்று அழைப்பதற்கு எவ்வளவு தூரம்? கௌடில்யரின் அபராதம் நிந்திக்கும் நோக்கத்துக்கானது, அரசின் நோக்கம் நிந்தை இல்லை என்று பதில் வரும். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. கேட்பவர் காதில் இரண்டும் ஒரே மாதிரி விழக்கூடும் என்பதே இங்கு பொருட்டு. 12 பணத்தின் நியாயம் அங்கேதான் இருக்கிறது: உள்ளதைச் சொன்னால் வலி ஒன்று, உள்ளதை மறைத்துப் புகழ்ந்தால் வலி நான்கு.

புதுப் பெயர்கள் நெடுநாள் சுத்தமாக இருப்பதும் இல்லை. மட்டைப்பந்தில் எளிய கேட்சைத் தவறவிட்டவனைப் பிள்ளைகள் 'திவ்யாங்' என்று கத்துவதும், தமிழில் 'மாற்றுத்திறனாளி'யைக் கேலியாக இழுத்துச் சொல்வதும் காதில் விழத் தொடங்கிவிட்டன. இதனால் பெயர் மாற்றமே வீண் என்று சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் மூத்த அமைச்சர் துரைமுருகன் கூட்டமொன்றில் பேச்சுவாக்கில் பழைய சொல்லைப் பயன்படுத்தியதற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1980களின் மேடைகளில் அதே பேச்சு கைத்தட்டலோடு போயிருக்கும். அந்த ஆண்டுகளின் தமிழ்த் திரைப்பட நகைச்சுவையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சான்று தேவைப்படாது.

நீதிமன்றத்தில் சந்தர்ப்பம்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப்பார்வையில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை வைக்கிறது. நோக்கம், பொதுப்பார்வை என்ற இரண்டு நிபந்தனைகள் வழியாகச் சந்தர்ப்பத்தைச் சட்டமே உள்ளே எடுத்துக்கொண்டது. கௌடில்யரோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள் தெரியும். அங்கே கவனக்குறைவுக்குப் பாதி அபராதம். இங்கே நோக்கம் இல்லையென்றால் குற்றமே இல்லை. அங்கே உயர்ந்தவரை வைதால் கூடுதல்; இங்கே நலிந்த பக்கம் இருப்பவருக்கே பாதுகாப்பு. அங்கே கண்ணுள்ளவரைக் குருடன் என்பது பெரிய குற்றம். இங்கே அது இந்தப் பிரிவுக்குள் வருவதே இல்லை, ஏனென்றால் திட்டப்பட்டவர் மாற்றுத்திறனாளி இல்லை. தெருவில் விழும் வசைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த மூன்றாவது இடைவெளியில்தான் நடக்கின்றன.

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியைத் தொட்டது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தில் காது கேளாதவரை சவுண்ட்ப்ரூஃப் சிஸ்டம் என்றும் திக்கிப் பேசுபவரைச் சிக்கிக்கொண்ட கேசட் என்றும் கேலி செய்ததை எதிர்த்து, மாற்றுத்திறனாளியான நிபுண் மல்ஹோத்ரா சோனி பட நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தார். இந்தக் கேலிகளில் பழைய வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பார்டிவாலாவும் படத்தை வெட்டச் சொல்லவில்லை. காட்சி ஊடகங்களுக்கு வழிகாட்டுதல்கள் தந்தார்கள். குறையோடு வாழும் அனுபவத்தைப் புரியவைக்கும் நகைச்சுவையையும், குறை உள்ளவரை மேலும் முடக்கிப்போடும் நகைச்சுவையையும் அந்தத் தீர்ப்பு பிரித்தது. சந்தர்ப்பம் என்பது சொல்பவரின் மனத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, அந்தப் பேச்சு யாருக்கு என்ன செய்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதை அது சட்ட மொழியில் ஏற்றது. 2025இல் முதுகுத்தண்டுத் தசைநோய் உள்ளவர்களைக் கேலி செய்த நகைச்சுவையாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு ஆகஸ்டில் உத்தரவிட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போன்ற கடுமையான சட்டத்தை மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆலோசிக்குமாறு நவம்பரில் மத்திய அரசிடம் சொன்னது.

அப்படியொரு சட்டம் வந்தால், 92ஆம் பிரிவைப் போலவே நேருக்கு நேர் நிற்கும் இருவரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படும் வாய்ப்பு அதிகம். ஒருவர் திட்டுகிறார், மாற்றுத்திறனாளி ஒருவர் திட்டு வாங்குகிறார் என்ற அந்தப் படத்துக்குள் நொண்டி நாடகத்தின் பாவக் கணக்கு அடங்காது, எரவாடா அடங்காது, கண்ணுள்ள ஓட்டுநரைக் கண்ணுள்ள இன்னோர் ஓட்டுநர் ஆந்தளா என்பதும் அடங்காது. கடைசியானதைக் குற்றமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தெருச்சண்டைக்கெல்லாம் சிறை என்றால் காந்தி சாலை ஒரே வாரத்தில் காலியாகிவிடும். வரைவை எழுதுகிறவர்கள் அந்த 6 பண விதியை ஒரு முறை திருப்பி வைத்துப் படிக்கட்டும்: இருவருக்கும் கண் தெரியும் அந்தச் சண்டையில், அவமானத்துக்கு அளவாக நிறுத்தப்பட்ட மூன்றாமவரை வழக்குக்குள் கொண்டுவர வழி உண்டா என்று. அதற்கு ஏற்ற இடம் தண்டனைப் பிரிவா, பள்ளிப் பாடத்திட்டமா, ஊடக வழிகாட்டுதலா என்ற விவாதம் இன்னும் தொடங்கவே இல்லை.